தகட்டு டக்ட் வேலைக்கு எந்தப் பிளாஞ்ச்: ஆங்கிளா, ஸ்லிப்-ஒன்னா, உருட்டிய விளிம்பா?

பரந்தன் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பரந்தனில் சிறிய தகட்டுப் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். கூரைப் பீலி, முகட்டுத் தகடு, நெல் ஆலைகளுக்கான உமிக் குழாய் ஆகியவையே எங்கள் அன்றாட வேலை. இப்போது தையல் மண்டபம் ஒன்றுக்குக் குளிரூட்டல் டக்ட் (குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் தகட்டுப் பெட்டிக் குழாய்) செய்யும் துணை ஒப்பந்தம் கிடைத்திருக்கிறது. பிரதான டக்ட் 1000 க்கு 500 மில்லிமீற்றர் அளவில் ஏறத்தாழ 30 மீற்றர் நீளம் ஓடுகிறது. அதிலிருந்து 600 க்கு 400 அளவிலும் 400 க்கு 300 அளவிலும் கிளைகள் பிரிகின்றன. விசிறியை அடுத்த பகுதியில் அழுத்தம் 400 பாஸ்கல் வரை வரும் என்று வடிவமைத்தவர் கூறினார். வரைபடத்தில் "பிளாஞ்ச் இணைப்பு" என்று மட்டும் எழுதப்பட்டுள்ளது. பிளாஞ்ச், அதாவது டக்ட் துண்டின் முனையைச் சுற்றி நின்று அடுத்த துண்டோடு பூட்டும் விளிம்பு, எந்த வகை என்று குறிக்கப்படவில்லை.

பிரதான ஒப்பந்தக்காரர் எதையும் ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார், ஆனால் காற்றுக் கசிவுச் சோதனை செய்தே பொறுப்பேற்பாராம். எனக்கு முன்னால் மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, நாங்கள் நன்கு அறிந்த ஆங்கிள் இரும்பை வெட்டிச் சட்டமாக ஒட்டி, தகட்டோடு ரிவெட் அடிப்பது. இரண்டாவது, கடையில் நீளமாகக் கிடைக்கும் ஸ்லிப்-ஒன் பிளாஞ்சை வாங்கி, மூலைத்துண்டு போட்டு டக்டின் முனையில் ஏற்றுவது. மூன்றாவது, கொழும்புப் பக்கத்தில் மெசினில் தகட்டின் ஓரத்தையே பிளாஞ்சாக உருட்டித் தரும் ரி.டி.எஃப். முறையில் செய்வித்து இங்கே கொண்டுவருவது. என்னிடம் 8 அடிக் கை மடிப்பு மெசின், கத்திரி, பிற்ஸ்பேர்க் பூட்டு (டக்டின் நீள மூலையைச் சேர்க்கும் மடிப்பு) உருட்டும் மெசின் ஆகியவை உள்ளன. பிளாஞ்ச் உருட்டும் மெசின் இல்லை.

ஒரு தவறையும் சொல்லிவிட வேண்டும். இதற்கு முன் ஒரு சிறிய மண்டபத்துக்கு 900 மில்லிமீற்றர் அகல டக்டை எஸ் கிளிப்பும் டிரைவ் கிளீட்டும் (தகட்டு ஓரங்களைக் கோர்த்துப் பிடிக்கும் மடித்த தகட்டுப் பட்டைகள்) போட்டு இணைத்தேன். விசிறி தொடங்கும் ஒவ்வொரு முறையும் மேல்தகடு "டொம்" என்று உப்பி அடங்கியது. இரண்டு மாதத்தில் அகலப் பக்கத்து எஸ் கிளிப்புகள் வாய் திறந்துவிட்டன. முழுவதையும் என் செலவிலேயே கழற்றித் திருத்தினேன். அதே தவறு மீண்டும் நேரக் கூடாது என்பதால்தான் வேலையைத் தொடங்கும் முன்பே கேட்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.

வவுனியா குளிரூட்டல்

வணக்கம் தம்பி. உங்கள் கேள்வியில் நீங்கள் சொன்ன பழைய தவறில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் விடையின் பாதி அதற்குள் இருக்கிறது. எஸ் கிளிப்பும் டிரைவ் கிளீட்டும் மோசமான இணைப்புகள் அல்ல. சிறிய கிளைகளுக்கு இன்றும் அவற்றையே நான் போடுகிறேன். ஆனால் தட்டையான எஸ் கிளிப் இரண்டு தகடுகளைக் கோர்த்து வைக்குமே ஒழிய, தகட்டுக்கு விறைப்புத் தராது. டக்டின் நீண்ட பக்கம் கூடக் கூட, உள்ளே உள்ள காற்று அந்தப் பக்கத்தை மத்தளத் தோல் போல வெளியே தள்ளுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்கும் முதுகெலும்பு வேண்டும். பிளாஞ்ச் என்பது இரண்டு துண்டுகளை இணைப்பதோடு, அவ்விடத்தில் டக்டைச் சுற்றி ஒரு வளையமாக நின்று உப்பலையும் தடுக்கிறது. ஆகவே பிளாஞ்ச் வகைகளை ஒப்பிடும்போது எவ்வளவு கசியும் என்பதோடு எவ்வளவு விறைப்புத் தரும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆங்கிள் பிளாஞ்ச் விறைப்பில் எதற்கும் சளைத்தது அல்ல. ஆனால் உங்கள் பிரதான டக்டுக்கு அதன் எடையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1000 க்கு 500 அளவின் சுற்றளவு 3 மீற்றர். 25 க்கு 25 க்கு 3 ஆங்கிள் மீற்றருக்கு ஏறத்தாழ 1.12 கிலோ வரும். ஓர் இணைப்புக்கு இரண்டு சட்டம் என்றால் 6.7 கிலோ. நான்கடித் தகட்டில் 1.2 மீற்றருக்கு ஓர் இணைப்பு என்று எடுத்தால் 30 மீற்றரில் 25 இணைப்புகள். மொத்தம் ஏறத்தாழ 168 கிலோ. அதே நீளத்துக்கு 0.8 மில்லிமீற்றர் ஜி.ஐ. (நாகம், அதாவது துத்தநாகம், பூசிய இரும்பு) தகடே 590 கிலோ அளவில்தான் வரும். அதாவது தகட்டின் எடையில் கால்பங்குக்கு மேல் பிளாஞ்சாகவே கூரையில் தொங்கும். அந்த மண்டபத்தின் கூரை மெல்லிய இரும்புக் கைமரமாக இருந்தால், அதைக் கட்டியவரிடம் கேட்காமல் இந்தச் சுமையை ஏற்ற வேண்டாம்.

எடையை விட எனக்குக் கவலை தருவது ஒட்டு வேலை. சிலர் நேரத்தை மிச்சப்படுத்த ஆங்கிள் சட்டத்தை ஜி.ஐ. தகட்டோடு நேரடியாகவே வெல்டிங் அடிக்கிறார்கள். நாகம் எரிந்து வெள்ளைப் புகை எழும். அதைச் சுவாசித்த பையனுக்கு அன்றிரவே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும். மறுநாள் அடங்கிவிடுவதால் எவரும் காரணத்தைத் தேடுவதில்லை. தகடோ நாகப் பூச்சு போன இடத்தில் ஓராண்டுக்குள் துருப்பிடிக்கும். ஆங்கிளைத் தனியே ஒட்டி, கிறைண்டரால் முகத்தைத் தட்டையாக்கி, வண்ணம் பூசி, அதன் பின்னர் தகட்டோடு ரிவெட் அடிப்பதே முறை. ரிவெட் அடித்த பிறகு தகட்டின் ஓரத்தை 8 முதல் 10 மில்லிமீற்றர் வரை ஆங்கிளின் முகத்தின் மேல் மடித்துத் தட்டிவிட வேண்டும். அந்த மடிப்பு இல்லாவிட்டால், காஸ்கட் (இரண்டு பிளாஞ்சுகளுக்கும் இடையே வைக்கும் மெத்துப் பட்டை) எவ்வளவு நன்றாக இருந்தாலும் காற்று தகட்டுக்கும் ஆங்கிளுக்கும் இடையே புகுந்து வெளியேறிவிடும். நடுக்கம்பி உதிர்ந்த பொப் ரிவெட்டின் துளையும் ஒரு சின்ன ஓட்டைதான் என்பதை நினைவில் வையுங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பொட்டுச் சீலன்ட் வைக்க வேண்டும்.

ரி.டி.எஃப். முறையில் பிளாஞ்சும் தகடும் ஒன்றே. ஆகவே தகட்டுக்கும் பிளாஞ்சுக்கும் இடையே கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ரிவெட் இல்லை, ஒட்டு இல்லை, நாகப் பூச்சு சேதமடைவதும் இல்லை. பெரிய ஒப்பந்தங்களில் எல்லோரும் அதற்கு மாறியதன் காரணம் இதுவே. ஆனால் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். உருட்டிய விளிம்பு தகட்டையே தின்கிறது. இரண்டு முனைக்கும் சேர்த்து ஏறத்தாழ 4 அங்குலம் குறையும் என்பதால், அதே நீளத்துக்கு இணைப்புகளின் எண்ணிக்கை கூடும். மேலும் முழுப் பெட்டியாகச் செய்த டக்டை லொறியில் ஏற்றினால் 300 கிலோமீற்றருக்கு மேல் வெறும் காற்றுக்குக் கூலி கொடுத்துக் கொண்டு வருகிறீர்கள். செய்விப்பதென்றால் ஆங்கில எல் எழுத்து வடிவில் பாதிப் பாதியாக உருட்டி, ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி அனுப்பச் சொல்லுங்கள். பிற்ஸ்பேர்க் பூட்டை இங்கே நீங்களே தட்டி மூடலாம். ஆனால் வழியில் ஒரு விளிம்பு வளைந்துவிட்டால் அதை இங்கே திருத்த மெசின் இல்லை. சுத்தியலால் நிமிர்த்திய ரி.டி.எஃப். விளிம்பு ஒருபோதும் முன்போல் நேராக அமர்ந்து நான் கண்டதில்லை. தளத்தில் அளவு மாறி ஒரு துண்டை வெட்டவேண்டி வந்தாலும் அதே நிலைதான்: வெட்டிய முனைக்கு ஸ்லிப்-ஒன் பிளாஞ்சே போட வேண்டும்.

ஆகவே உங்களிடம் உள்ள மெசின்களுக்கும் உங்கள் இடத்துக்கும் ஸ்லிப்-ஒன்னே பொருந்தும் என்பது என் முடிவு. 20, 30, 40 மில்லிமீற்றர் உயரங்களில் அது கிடைக்கும். உங்கள் 1000 பக்கத்துக்கு 30 போதும். நீளமான பட்டையை அளவாக வெட்டி, நான்கு மூலைத்துண்டுகளைத் தட்டிச் சட்டமாக்கி, டக்டின் முனையில் ஏற்றி, தகட்டோடு ஸ்குரூ அல்லது பொட்டு ஒட்டால் (ஸ்பொட் வெல்டிங்) பிடிக்க வேண்டும். பட்டையின் உள்வாயில் சீலன்ட் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். சிலவற்றில் தொழிற்சாலையிலேயே இட்டிருப்பார்கள். இல்லாதவற்றில் நீங்கள்தான் இட வேண்டும். கிளைகளில் 400 க்கு 300 அளவுக்கு டிரைவ் கிளீட்டே போதும். 600 க்கு 400 இல் நீங்கள் முன்பு பட்டதை நினைத்து நானும் பிளாஞ்சையே சொல்வேன், 20 உயரம் தாராளம்.

ஒட்டுசுட்டான் ஆலை

வவுனியா ஐயா சொன்னவற்றோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆயினும் ஆங்கிள் பிளாஞ்சைப் பழையது என்று ஒதுக்கிவிட வேண்டாம் என்பதற்காக ஒரு சொல் எழுதுகிறேன். பரந்தன் அண்ணா ஆலைகளுக்கும் வேலை செய்வதாகக் குறிப்பிட்டிருப்பதால் இது அவருக்குப் பயன்படும்.

நெல் ஆலையில் உமி இழுக்கும் குழாய் வட்டமானது, உள்ளே போவது வெறும் காற்றும் அல்ல. உமியில் சிலிக்கா நிறைந்திருக்கிறது. அது தகட்டை அரம் போல உராய்கிறது. நேர்க்குழாய் பல போகங்களுக்கு நிற்கும்போது, வளைவின் வெளிமுதுகு மட்டும் தாள் போல மெலிந்து ஓட்டையாகிவிடும். அதனால் வளைவின் இரு முனைகளிலும் ஆங்கிளை வளையமாக வளைத்துப் பிளாஞ்ச் போட்டு, போல்ட் துளைகளைச் சம இடைவெளியில் இடுகிறோம். வெளிமுதுகு தேய்ந்தபின் அந்த வளைவுத் துண்டை மட்டும் கழற்றி, உதிரியாக வைத்திருக்கும் புதிய முதுகுத் தகட்டை அடித்து, ஒரு மணி நேரத்தில் திரும்ப ஏற்றிவிடலாம். அறுவடைக் காலத்தில், லொறிகள் வாசலில் வரிசையாக நிற்கும்போது, அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெறுமதியானது என்பது ஆலைக்காரருக்குத் தெரியும். பலமுறை கழற்றிப் பூட்டும் இடத்துக்கு 3 மில்லிமீற்றர் இரும்பும் நேரான போல்ட்டும்தான் தாங்கும். உருட்டிய மெல்லிய விளிம்பை மூன்று முறை கழற்றினால் கிளீட் (இரண்டு பிளாஞ்சுகளையும் சேர்த்துக் கவ்வும் பிடி) பிடிக்கும் உதடு நெளிந்துவிடுகிறது.

இன்னொன்று. உமிக் குழாயில் காஸ்கட் உள்விட்டத்துக்குள் ஒரு மில்லிமீற்றர் கூட நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அந்தச் சிறு படியில் முதலில் ஒரு தும்பு சிக்கும். அதன் மேல் தூசி கட்டும். மழைக்கால ஈரம் சேர்ந்தால் சில நாட்களில் குழாய் பாதி அடைத்துவிடும். நானே இரும்புக் கம்பியை விட்டுக் குத்தி எடுத்திருக்கிறேன். உங்கள் தையல் மண்டபத்திலும், விசிறியோடு சேரும் முதல் இணைப்பை மட்டும் ஆங்கிளில் செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். அங்கே அதிர்வு அதிகம். பராமரிப்புக்குக் கழற்றுவதும் அங்கேதான்.

பரந்தன் பட்டறை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. விசிறி வாயில் ஆங்கிள், பிரதான டக்டுக்கும் 600 கிளைக்கும் ஸ்லிப்-ஒன், சிறிய கிளைக்கு டிரைவ் கிளீட் என்று மனதில் எடுத்துக்கொண்டேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மீதி உள்ளன. மூலைகளில் நான்கு போல்ட் போட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னார், அது சரியா? அடுத்து, கசிவுச் சோதனையில் எந்த அளவைக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள்? சோதனைக் கருவி வருவதற்கு முன் எங்களிடம் இருப்பதை வைத்தே நாங்கள் பார்த்துக்கொள்ள வழி உண்டா?

கிளிநொச்சி வரைபடம்

நான் கட்டடங்களின் குளிரூட்டல் வேலைகளை வரைந்து, பின்னர் தளத்தில் பார்வையிடும் பணியில் இருக்கிறேன். கடைக்காரர் சொன்னது 300 மில்லிமீற்றர் அளவான சின்ன டக்டுக்கு வேண்டுமானால் பொருந்தும். 1000 பக்கத்தின் நடுவில் இரண்டு பிளாஞ்சுகளும் நிச்சயமாக வாய் பிளக்கும். மூலையில் இருந்து 6 அங்குலத்துக்குள் முதல் கிளீட்டும், அதன் பின் 12 அங்குலத்துக்கு ஒன்றுமாகப் போடுங்கள். முதலில் நான்கு மூலைப் போல்ட்டுகளையும் கையால் மட்டும் இறுக்கி, பின்னர் எதிரெதிர் மூலையாகச் சாவியால் இறுக்கி, கடைசியில் கிளீட்டை அடிக்க வேண்டும். ஒரு மூலையை முதலிலேயே முழுதாக இறுக்கினால் எதிர்மூலையில் காஸ்கட் அமுங்காமல் நின்றுவிடும்.

காஸ்கட் பட்டை மூலையில் திரும்பும் இடத்தைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நான்கு துண்டாக வெட்டி மூலைக்கு மூலை முட்டவைத்திருந்தால் அந்த முட்டு வழியே காற்று கட்டாயம் கசியும். ஒரே பட்டையைச் சுற்றிக் கொண்டுவந்து, தொடங்கிய இடத்தில் ஓர் அங்குலம் மேலேறவிட்டு, அந்தச் சேர்க்கையை மூலையில் அல்லாமல் பக்கத்தின் நடுவில் வைக்க வேண்டும். ஸ்லிப்-ஒன்னில் மூலைத்துண்டுக்கும் தகட்டுக்கும் இடையே உள்ளே ஒரு முக்கோண இடைவெளி தெரியும். விரல் நுனி அளவான அந்த ஓட்டை வெளியிலிருந்து எவர் கண்ணுக்கும் படாது. டக்டைத் தூக்கும் முன், தரையில் இருக்கும்போதே, உள்ளே கைவிட்டு நான்கு மூலையிலும் சீலன்டை அழுத்திப் பூசிவிடுங்கள். பூசும் சிலிக்கனை முகர்ந்து பாருங்கள். வினாகிரி மணம் வந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள். அந்த அமிலம் நாகப் பூச்சை அரித்துவிடும். நடுநிலை வகை என்று குறிப்பிட்டதையே வாங்க வேண்டும்.

கசிவு அளவுக்கு இங்கே பெரும்பாலும் பிரித்தானிய முறையான டி.டபிள்யூ. 144 ஐயே கேட்கிறார்கள். அதில் ஏ வகுப்பு 500 பாஸ்கல் வரைக்கும், பி வகுப்பு 1000 வரைக்கும், சி வகுப்பு 2000 வரைக்கும் உரியவை. உங்கள் 400 பாஸ்கலில் ஏ வகுப்பு டக்டின் ஒரு சதுர மீற்றர் மேற்பரப்புக்குச் செக்கனுக்கு 1.33 லீற்றர் வரை கசிவை அனுமதிக்கிறது. பி வகுப்பு அதில் மூன்றில் ஒன்றை, அதாவது 0.44 ஐ, அனுமதிக்கிறது. உங்கள் பிரதான டக்ட் 90 சதுர மீற்றர். ஆகவே ஏ வகுப்பில் 120 லீற்றர், பி வகுப்பில் 40 லீற்றர். எந்த வகுப்பு என்பதை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; வாய்ப்பேச்சோடு விட வேண்டாம். மூலைகளைச் சரியாக மூடிய ஸ்லிப்-ஒன் இணைப்பு பி வகுப்பைத் தொடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூலையை மூடாத ஆங்கிள் இணைப்பு ஏ வகுப்பிலேயே தோற்றதையும் பார்த்திருக்கிறேன்.

கருவி வருவதற்கு முன், இரண்டு முனையையும் தகட்டால் மூடி, சிறிய ஊதுவிசிறி ஒன்றால் காற்றை ஏற்றி, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி இணைப்பைச் சுற்றி மெதுவாகக் கொண்டு செல்லுங்கள். புகை நேராக எழாமல் ஓரிடத்தில் வெட்டி விலகினால் அங்கே ஓட்டை. சவர்க்கார நீரைத் தூரிகையால் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும். கச்சான் அடிக்கும் மாதங்களில் வேலை செய்தால் கதவுகளை அடைத்துவிட்டே ஊதுபத்திச் சோதனையைச் செய்யுங்கள்.

கடைசியாக, இதுவரை எவரும் சொல்லாத ஒன்று: பிளாஞ்சின் உயரமும், குளிர் காக்க டக்டின் மேல் சுற்றும் கண்ணாடிப் பஞ்சின் தடிப்பும். உங்கள் டக்டுக்கு 25 மில்லிமீற்றர் பஞ்சு என்றால், 30 மில்லிமீற்றர் பிளாஞ்ச் அதற்கு வெளியே 5 மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே ஓடுவது 14 பாகைக் காற்று. நம் ஊரில் 32 பாகை வெப்பமும் 70 வீத ஈரப்பதனும் உள்ள நாளில், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்த இரும்பிலும் நீர் கட்டும். பஞ்சுக்கு வெளியே தெரியும் அந்தப் பிளாஞ்ச் முதுகில் வியர்வை போல நீர் துளிர்த்து, கிளீட்டின் நுனியில் சேர்ந்து, கீழே தைத்துக்கொண்டிருக்கும் துணியின் மேல் சொட்டும். மார்கழியில் இது இன்னும் மோசமாகும். ஒரு மண்டபத்தில் கூரை ஒழுகுகிறது என்று இரண்டு நாள் ஓடு ஓடாகத் தேடிவிட்டு, கடைசியில் பிளாஞ்சில் கைவைத்தபோது விரல் நனைந்ததை நான் மறக்கவில்லை. ஒவ்வொரு இணைப்பின் மேலும் 150 மில்லிமீற்றர் அகலத்தில் தனியே ஒரு பஞ்சுப் பட்டையைச் சுற்றி, இரு ஓரத்தையும் அலுமினிய நாடாவால் இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். விசிறி வாயில் நீங்கள் போடும் ஆங்கிளுக்கும் இது பொருந்தும். தொங்குகம்பியை எந்தக் காரணம் கொண்டும் பிளாஞ்ச் போல்ட்டில் மாட்ட வேண்டாம். அதன் வழியே குளிர் ஏறி, கம்பியிலும் நீர் கட்டும், இணைப்பும் ஒரு பக்கம் இழுபடும். டக்டின் அடியில் குறுக்குச் சட்டம் வைத்தே தொங்கவிடுங்கள்.

பரந்தன் பட்டறை

பிளாஞ்ச் பஞ்சுக்கு வெளியே நிற்கும் என்பதை நான் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. பஞ்சுப் பட்டைக்கான செலவை இன்றே விலைமனுவில் சேர்த்து அனுப்புகிறேன். கசிவு வகுப்பையும் எழுத்தில் கேட்டிருக்கிறேன். முதலில் 1000 க்கு 500 இல் இரண்டு துண்டுகளை மட்டும் பட்டறையில் இணைத்து, ஊதுபத்திச் சோதனை செய்து, மூலைகள் எப்படி நின்றன என்பதைப் படத்தோடு இங்கேயே எழுதுகிறேன்.